சோலைபாடியைக் காதால் தேடுவோம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காடுகளில் விடியலுக்குச் சற்று முன்னர் ஒரு பாடல் எழும். குழலோசை போன்ற, மெட்டு மாறிக்கொண்டே போகும் அந்தப் பாடலுக்குரியது சோலைபாடி என்னும் சிறு பறவை. பாட்டு தெளிவாகக் கேட்கும். பாடகரை மட்டும் காண முடியாது. மூங்கில் புதர்களின் நிழலில், தரைக்குச் சற்று மேலேயே அது வாழ்கிறது.

ஆண் பறவையின் தலை, மார்பு, முதுகு ஆகியவை பளபளக்கும் கருநிறம், வயிறு செம்பழுப்பு. நீண்ட வாலின் ஓர இறகுகள் வெண்மையானவை. முதுகின் அடிப்பகுதியில் உள்ள வெள்ளைத் திட்டு, அது பறந்து மறையும்போது பளிச்சிடும். பெண் பறவை சாம்பல் கலந்த பழுப்பு நிறம். அதன் வால் சற்றுக் குட்டையானது.

நம் வீட்டுத் தோட்டத்துக் குண்டுகரிச்சான் இதன் நெருங்கிய உறவு என்பதால் குழப்பம் நேர்வதுண்டு. குண்டுகரிச்சானின் வயிறும் இறக்கைப் பட்டையும் வெண்மை. சோலைபாடிக்கு அந்தப் பட்டை இல்லை. பாடலை மட்டும் நம்பி முடிவு செய்வதும் தவறாகலாம். துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அப்படியே பாவனை செய்யும். சோலைபாடியும் அவ்வப்போது அதைச் செய்வதுண்டு. ஆகவே குரல் வழிகாட்ட, வால், வயிறு, முதுகின் வெண்மை ஆகிய மூன்றும் உறுதிசெய்ய வேண்டும்.

இந்தப் பாடலுக்கு வரலாற்றிலும் இடமுண்டு. 1889-இல் லுட்விக் காக் என்ற ஜெர்மானியச் சிறுவன், கூண்டில் இருந்த சோலைபாடியின் குரலை மெழுகு உருளையில் பதிவு செய்தான். நாம் அறிந்தவரை பதிவு செய்யப்பட்ட முதல் பறவைப் பாடல் அதுவே.

அன்று அரிய சாதனையாக இருந்த ஒலிப்பதிவு இன்று எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கிறது. சிலர் அதனை உரக்க ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைக்கின்றனர். தன் எல்லைக்குள் வேறோர் ஆண் நுழைந்துவிட்டதாக எண்ணி, இரை தேடுவதையும் கூட்டைக் காப்பதையும் விட்டுவிட்டு அது ஓடி வருகிறது. மரப்பொந்தில் குஞ்சுகள் காத்திருக்கும் இனப்பெருக்கக் காலத்தில் இது சிறு தொல்லை அன்று.

இனிய குரலே இப்பறவையைக் கூண்டிலும் அடைத்தது. நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். ஒலிப்பெருக்கியால் ஏமாற்றுவதைத் தடுக்க நம் மனசாட்சிதான் முன்வர வேண்டும்.

காட்டுப்பாதை ஓரத்தில் அரைமணி நேரம் அசையாமல் நின்றால் போதும். பறவை தானாகவே வெளிவரக்கூடும். வராவிட்டாலும் பாடலைக் கேட்டிருப்போம். அதுவும் ஒரு சந்திப்புதான்.