நெல்லுக்கு ஓர் எண்

கிளிநொச்சி இரணைமடுக் குளத்து நீரில் விளையும் நெல்லைப் பற்றி ஒரு புத்தகம் நூலகத்துக்கு வந்தால் அது எந்த இறாக்கைக்குப் போகும்? நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி தசாம்சப் பகுப்பில் அதன் எண் 633.18. கிளிநொச்சியானாலும் லண்டனானாலும் அந்த முறையில் நெல்லுக்கு அதே எண்தான்.

இந்த எண்ணைப் பார்த்துக் கொடுப்பவர் நூலகர். ஆனால், திகதி முத்திரை குத்துவதுதான் அவர் வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது அநியாயம். பகுப்பாக்கம், பட்டியலாக்கம், கேட்பவருக்குத் தகவல் தேடிக் கொடுப்பது எல்லாம் படித்துத் தேற வேண்டிய தொழில். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் வெளியிட்ட சென்னை எஸ். ஆர். இரங்கநாதன் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் ஆலோசனை சொன்னவர். இந்தத் தொழிலுக்கென 1960இல் இலங்கை நூலகச் சங்கமும் உருவானது.

வன்னியில் பொது நூலகங்களை நடத்துவது உள்ளூராட்சி சபைகள். போரிலும் இடப்பெயர்விலும் இங்கே பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள், வீட்டுப் புத்தகங்கள் என்று எவ்வளவோ போய்விட்டன. எஞ்சியவை தொலையாமலிருக்க ஒரு வழி உண்டு: 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் எழுத்துகளை வருடி, இணையத்தில் இலவசமாக வாசிக்கத் தருகிறது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் தப்பிய பழைய மலர் ஏதும் இருந்தால், கறையான் முந்துவதற்குள் ஊர் நூலகரிடம் ஒருமுறை காட்டுங்கள்.