ஒரு வீடு, இரண்டு ஓட்டு

வட அயர்லாந்தில் 1960களில் உள்ளாட்சி மன்றம் கட்டிய வாடகை வீடு ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தால், அதோடு சேர்ந்து இரண்டு ஓட்டும் கிடைத்தது. லண்டன் நாடாளுமன்றத்துக்கும் பெல்ஃபாஸ்டின் ஸ்டார்மான்ட் சட்டமன்றத்துக்கும் வயதுவந்த எல்லாரும் வாக்களிக்கலாம். உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் சட்டம் வேறு. வீட்டுவரிப் பட்டியலில் பெயர் இருப்பவரும் அவருடைய மனைவி அல்லது கணவரும்தான் அங்கே வாக்காளர்கள். அப்பா வீட்டில் இடநெருக்கடியோடு ஒண்டியிருக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் ஓட்டு கிடையாது. உள்வாடகைக்கு இருப்பவருக்கும் கிடையாது. நிறுவனம் வைத்திருப்பவர்களுக்கோ கூடுதலாக ஆறு ஓட்டு வரை இருந்தது. பிரிட்டனின் மற்ற பகுதிகளில் இந்த முறை இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஒழிந்தது. வட அயர்லாந்து அதை விடாமல் வைத்துக்கொண்டது.

காரணம் எளிது. வீட்டைக் கட்டுவது மன்றம், யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பதும் மன்றம். அந்த மன்றத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் வீடு உள்ளவர்கள். பிரிட்டனோடு இணைந்தே இருக்க விரும்பிய யூனியனிஸ்டுகள் பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகள். ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பிய நேஷனலிஸ்டுகள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். மதத்தைத் தெரிந்துகொண்டால் ஓட்டு எந்தப் பக்கம் விழும் என்று சொல்லிவிடலாம் என்ற நிலை. அப்படியிருக்கும்போது ஒரு குடும்பத்தை எந்த வார்டில் குடிவைக்கிறோம் என்பதே தேர்தல் வேலையாகிவிட்டது.

டெர்ரி நகரின் கணக்கைப் பார்த்தால் இது புரியும். 1967-இல் அங்கே உள்ளாட்சி வாக்காளர்களில் கத்தோலிக்கர்கள் 14,429 பேர், மற்றவர்கள் 8,781 பேர். ஆனால் மன்றத்தின் 20 இடங்களில் 12 யூனியனிஸ்டுகளிடம் இருந்தன. நகரம் மூன்று வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கத்தோலிக்க வாக்காளர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தெற்கு வார்டுக்குள் அடக்கி, அதற்கு 8 இடம் கொடுத்தார்கள். வடக்கு வார்டுக்கு 8, வாட்டர்சைடுக்கு 4. இந்த இரண்டிலும் புராட்டஸ்டன்டுகளுக்கு அளவான பெரும்பான்மை.

வடக்கு வார்டில் வித்தியாசம் 1,416 ஓட்டுதான். வீட்டுக்கு இரண்டு ஓட்டு என்று வைத்தால், சுமார் 700 கத்தோலிக்கக் குடும்பங்கள் அந்தப் பக்கம் குடிவந்தால் நகராட்சி கைமாறிவிடும். அதனால் அவர்களுக்கான வீடுகளைத் தெற்கு வார்டுக்குள்ளேயே, கிரெகன் குன்றின்மேலும் பாக்சைடின் ராஸ்வில் அடுக்குமாடிகளிலும் கட்டினார்கள். அங்கே இடம் தீர்ந்ததும் நெரிசல் மிகுந்தது. நகர எல்லையை விரிவாக்கியிருந்தால் மனை கிடைத்திருக்கும், வார்டுக் கணக்கு குலைந்திருக்கும். மன்றம் விரிவாக்க மறுத்தது. அந்த மறுப்புக்கு விலை கொடுத்தவர்கள் ஓர் அறையில் பிள்ளைகளோடு முடங்கிக் கிடந்த குடும்பங்கள்தான். 1968 ஜூனில் டெர்ரி வீட்டுவசதி நடவடிக்கைக் குழு, குழந்தைகளோடு ஒரு குடும்பம் வசித்துவந்த கேரவனையே லெக்கி சாலையின் குறுக்கே இழுத்து நிறுத்தி மறியல் செய்தது.

அதே மாதம் டைரோன் மாவட்டத்தின் கேலடன் என்ற சிற்றூர் செய்திகளில் வந்தது. டங்கானன் ஊரக மன்றம் அங்கே கின்னார்ட் பார்க் என்ற தெருவில் புதிய வீடுகள் கட்டியிருந்தது. அந்தந்த வட்டாரத்தின் கவுன்சிலர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்கு வீடு என்பதுதான் நடைமுறை. 11-ஆம் எண் வீட்டில் அனுமதியின்றிக் குடியேறியிருந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தை ஜூன் 18 அன்று காமிராக்களுக்கு முன்னால் வெளியேற்றினார்கள். பக்கத்து வீடான 9-ஆம் எண், மணமாகாத 19 வயது புராட்டஸ்டன்ட் பெண் ஒருவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் அந்தக் கவுன்சிலரின் வழக்கறிஞரிடம் செயலாளராக வேலை பார்த்தவர். அந்த வழக்கறிஞரோ யூனியனிஸ்ட் கட்சியின் வேட்பாளர்.

ஸ்டார்மான்டில் இதை எழுப்பிப் பார்த்தும் பயன் கிடைக்காத நேஷனலிஸ்ட் உறுப்பினர் ஆஸ்டின் கரி, ஜூன் 20 அன்று இன்னும் இருவரோடு 9-ஆம் எண் வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார். சில மணி நேரத்தில் போலீஸார் அவர்களை வெளியேற்றினார்கள். வெளியேற்றியவர்களில் ஒருவர் வீடு பெற்ற பெண்ணின் உடன்பிறந்தவர்.

அடுத்தடுத்து எல்லாம் வேகமாக நடந்தன. ஆகஸ்ட் 24 அன்று கோலைலண்டிலிருந்து டங்கானன் வரை வட அயர்லாந்தின் முதல் சிவில் உரிமைப் பேரணி. அக்டோபர் 5 அன்று டெர்ரியில் தடையை மீறி இன்னொரு பேரணி. போலீஸ் தடியடியை அயர்லாந்துத் தொலைக்காட்சியின் காமிரா பதிவுசெய்தது, உலகம் பார்த்தது. நவம்பர் 22-இல் வட அயர்லாந்துப் பிரதமர் டெரன்ஸ் ஓநீல் ஐந்து சீர்திருத்தங்களை அறிவித்தார். வீட்டு ஒதுக்கீட்டுக்குப் புள்ளிமுறை வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ‘ஆளுக்கொரு ஓட்டு’ அந்தப் பட்டியலில் இல்லை. அது அடுத்த ஆண்டுதான் வந்தது.

இந்தக் கலவரங்களை விசாரித்த கேமரன் ஆணையம் 1969-இல் வெளியிட்ட அறிக்கை, பல மன்றங்களில் வீட்டுத் தேவையைவிடக் கட்சியின் பிடியைக் காப்பதே ஒதுக்கீட்டை முடிவுசெய்தது என்று கண்டது. எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. அரசியல் ஆய்வாளர் ரிச்சர்ட் ரோஸ் 1968-இல் நடத்திய கணக்கெடுப்பில், வட அயர்லாந்து முழுவதையும் சேர்த்துப் பார்த்தபோது திட்டமிட்ட பாகுபாடு தென்படவில்லை. புகார்கள் குவிந்தது பான் ஆற்றுக்கு மேற்கே, இரு தரப்பும் கிட்டத்தட்டச் சமமாக இருந்த ஊர்களில். ஒரு சில வீடுகள் ஆட்சியைக் கவிழ்க்கக்கூடிய இடங்கள் அவைதான். கேலடனில் வீடு கேட்டு நின்றவருக்கு வட அயர்லாந்தின் சராசரியால் ஒரு பயனும் இல்லை.

1971-இல் வட அயர்லாந்து வீட்டுவசதி நிர்வாகம் என்ற தனி அமைப்பு உருவானது. உள்ளாட்சி மன்றங்களின் வீடுகள் படிப்படியாக அதன் கைக்கு மாறின. நெரிசல், உடல்நலம், வீடின்மை என்று தேவைக்கேற்பப் புள்ளி. யாருக்குப் புள்ளி அதிகமோ அவர் வரிசையில் முன்னால். கவுன்சிலரின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கியது இந்த எழுதப்பட்ட விதிதான். அந்தச் சிவில் உரிமைப் போராட்டத்தின் மிகப் பெரிய வெற்றி என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் அதற்குள் இரு தரப்புக்கும் இடையே மூண்ட கலவரம் தெருக்களையே பிரித்துவிட்டது. 1969-லும் 1971-லும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பயந்து இடம்பெயர்ந்தன. புள்ளி எவ்வளவு இருந்தாலும் எதிர்த்தரப்புத் தெருவில் குடிபோக யாரும் துணிவதில்லை. வடக்கு பெல்ஃபாஸ்டில் இரு தரப்பையும் பிரிக்கும் சுவருக்கு ஒரு பக்கம் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க, மறுபக்கத்து நிலத்தில் அவர்களுக்கு வீடு கட்டலாமா என்பது இன்றும் கட்சிச் சண்டை.

புள்ளிகளுக்குள்ளும் சண்டை நுழைந்தது. ஆயுதக் குழுக்கள் மிரட்டி விரட்டியவர்களுக்கு 200 புள்ளி கொடுக்கப்பட்டது. வீடற்றவர் என்று ஏற்கப்பட்டவருக்கு 70 புள்ளிதான். உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவர்களுக்காக ஏற்படுத்திய சலுகை முறைகேடாகப் பயன்படுத்தப்படுகிறது என்று புகார்கள் எழுந்தன. கணவரின் அடிக்குப் பயந்து வெளியேறும் பெண்ணுக்கு அந்த 200 கிடையாது என்பதும் பெண்கள் தரப்பின் நெடுநாள் குறையாக இருந்தது. 2025-இல் சமூகத் துறை அமைச்சர் கோர்டன் லயன்ஸ் அந்தப் புள்ளிகளை நீக்கினார். அப்போது சமூக வீட்டுக்காகக் காத்திருந்த விண்ணப்பங்கள் 45,000-க்கும் மேல்.