மலையில் சுழன்ற தட்டுகள் – 19: ஊசி முனையில் ஒரு மாணிக்கம்

தோட்டக் கோவில் திருவிழாவுக்குக் குழாய் ஒலிபெருக்கி வந்து சேர்ந்த கதையோடு சென்ற வாரம் நிறுத்தினேன். கிராமபோனின் இரும்பு ஊசியைப் பற்றி அதற்கும் முன்பே எழுதியாயிற்று. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரத்துக்கு வாக்களித்தவை இரண்டு: ஊசியைச் சேதமில்லாமல் சுத்தம் செய்வது, தட்டில் படரும் பூஞ்சணத்தை நீக்குவது. முதலாவதை எழுத உட்கார்ந்தபோது ஒரு கல் குறுக்கே வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை.

பொகவந்தலாவைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சரிவெல்லாம் தேயிலை, பள்ளத்தில் கெசல்கமுவ ஓயா. அந்த ஆற்றோர மண்ணுக்கு அடியில் மாணிக்கக்கல் கிடக்கிறது. குழி தோண்டி, 'இல்லம்' எனப்படும் சரளைப் படுக்கையை எட்டி, அதை அள்ளிக் கூடையில் போட்டு நீரில் அரித்துப் பார்ப்பார்கள். இரத்தினபுரியிலும் அதே முறைதான். அதிர்ஷ்டமிருந்தால் கூடையின் அடியில் ஒரு நீலக்கல் மினுங்கும். அந்தக் கல் குருந்தம் என்ற கனிமம். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த படிகம். கொஞ்சம் இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம், குரோமியம் கலந்தால் சிவப்பு, எதுவும் கலக்காவிட்டால் நிறமே இல்லை. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் இதற்கு 9. இதற்கு மேலே 10இல் இருப்பது வைரம் மட்டும்.

1950களிலும் 60களிலும் நம் மலைக்கு ஏறிவந்த ரெக்கோட் பிளேயர்கள் பலவற்றின் ஊசி முனையில் இருந்தது இதே குருந்தம்தான். பெட்டியில் 'சபையர்' என்று அச்சிட்டிருப்பார்கள். எந்த மண்ணின் மேல் கொழுந்து பறித்தார்களோ, அந்த மண்ணுக்குள் கிடக்கும் கல்லின் இனமே, லயத்துக் காம்பராவில் பாட்டையும் எடுத்துத் தந்தது. இது தெரிந்த நாளிலிருந்து என்னால் வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

ஆனால் ஊசிக்கான கல் குழியிலிருந்து வரவில்லை, உலையிலிருந்து வந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் ஓகஸ்ட் வெர்நுய் 1902இல் தம் முறையை வெளியிட்டார். அலுமினா மாவைச் சல்லடை வழியாக மெல்லத் தட்டித் தட்டி ஐதரசன்–ஒட்சிசன் சுவாலைக்குள் விழவைப்பார்கள். 2,000 பாகை செல்சியசைத் தாண்டிய அந்தச் சூட்டில் மாவு உருகி, கீழே சுழலும் தண்டின் நுனியில் இறங்கி உறையும். தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்க, அதன் தலையில் ஒரு கல் வளரும். பூமி யுகக்கணக்கில் செய்ததை இந்த உலை சில மணி நேரத்தில் செய்தது. முதலில் சிவப்புக் கல், சில ஆண்டுகளில் நீலக்கல். கைக்கடிகாரத்துக்குள் பற்சக்கரங்களைத் தாங்கும் 'ஜூவல்' கற்களும் இந்த வழியில் வந்தவையே. அதே கல்லைச் சீவி, உருட்டி, மெருகிட்டு ஊசி முனையாக்கினார்கள்.

கல்லை ஊசியாக்கும் எண்ணம் 1950களுக்கும் பழையது. பிரான்சின் பாத்தே கம்பெனி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தன் தட்டுகளுக்குக் குண்டு வடிவச் சபையர் முனையைக் கொடுத்தது. ஆரம்பகாலப் பாத்தே தட்டுகளில் பாட்டு நடுவிலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கி ஓடும். கல்கத்தாவின் எச். போஸ் அந்தக் கம்பெனியோடு சேர்ந்து வெளியிட்ட தட்டுகளில் ரவீந்திரநாத் தாகூரின் குரலும் உண்டு. ஒவ்வொரு தட்டுக்கும் ஊசி மாற்றும் தொல்லை இல்லை என்பதே அந்தக் கல்லின் பெருமை. நம் பக்கத்துக்கு வந்தவை பெரும்பாலும் இரும்பு ஊசிக்கான எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் தட்டுகளே. ஆகவே கல் முனையின் அருமை நமக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

இவ்வளவு கடினமான கல்லைச் சுத்தம் செய்ய ஏன் பயப்பட வேண்டும்? கல் கடினமானதுதான், அதைத் தாங்குவதெல்லாம் மென்மையானது. எல்.பி. தட்டுக்கான முனையின் ஆரம் சுமார் 0.018 மில்லிமீட்டர். அதை ஏந்துவது தலைமயிர் போன்ற ஒரு தண்டு. கல்லைத் தண்டோடு ஒட்டியிருப்பது பசை. தண்டு பொருந்தியிருப்பது ஒரு துணுக்கு ரப்பரில். கை தவறினால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது; தண்டு வளையும், பசை விடும், ரப்பர் கிழியும்.

அழுக்கைப் பொறுத்தவரை நம் மலை தாராளமானது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவிலும், அதற்குக் கீழே ஹட்டனிலும், மே முதல் தென்மேல் பருவக்காற்று மழை தொடங்கினால் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். லயத்தில் விறகடுப்புப் புகை. தொழிற்சாலைக்கு அருகே குடியிருந்தால், தூள் சலிக்கும்போது பறக்கும் நுண்ணிய தேயிலை இழைகள். எல்லாம் தட்டின் பள்ளத்துக்குள் இறங்குகின்றன. ஊசியின் பாரம் 2 கிராம்தான். பழைய செரமிக் வகையானால் 5, 6 கிராம். ஆனால் அது தட்டைத் தொடும் இடம் மிகச் சிறியது. அங்கே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குப் பல நூறு கிலோவைத் தாண்டும். உரசலின் சூடும் சேர, புகைப்பிசினும் தூசியும் முனையில் இறுகிக் கல்லோடு கல்லாகிவிடும். பிறகு ஊசி பள்ளத்தின் சுவரைச் சரியாகத் தொடாது. 'ஸ' எல்லாம் 'ஷ' ஆகும். உச்சத்தில் பாடும் குரல் கீறும். பலர் தட்டுப் பழுது என்று முடிவுகட்டித் தட்டை ஒதுக்குவது இந்த இடத்தில்தான்.

ஆகவே முதல் வேலை பார்ப்பது. அழுக்கைக் காணப் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி போதும். மாணிக்க வியாபாரிகள் வைத்திருப்பார்களே, அதே கண்ணாடி. முனையில் சாம்பல் நிறப் பஞ்சு தெரிந்தால் தூசி. தேய்வைக் காண நுண்ணோக்கி வேண்டும்; அதில் பக்கங்கள் தட்டையாகத் தேய்ந்து விளிம்பு பளபளத்தால் அந்த ஊசியின் ஆயுள் முடிந்தது; சுத்தம் செய்து பயனில்லை. சபையர் சில பத்து மணி நேரத்தில் தேயும். வைரம் பல நூறு மணி நேரம் தாங்கும். தேய்ந்த முனை உளியாக மாறித் தட்டைச் செதுக்கும்.

அடுத்து, அம்ப்ளிஃபயரை அணையுங்கள். சின்னஞ்சிறு மென்தூரிகை ஒன்றை எடுத்துப் பின்னாலிருந்து முன்னால், அதாவது ஊசிக்கை பொருந்தியிருக்கும் பக்கத்திலிருந்து உங்களை நோக்கி, மெதுவாக இழுங்கள். தட்டும் ஊசியின் கீழ் அந்தத் திசையில்தான் ஓடுகிறது. அந்த இழுப்பைத் தாங்கவே தண்டு அமைந்திருக்கிறது. முன்னிருந்து பின்னாகவோ பக்கவாட்டிலோ ஒருபோதும் வேண்டாம். ஒவ்வொரு பக்கம் போடும் முன்பும் இதைச் செய்தால் வேறெதுவும் அநேகமாகத் தேவைப்படாது.

இறுகிய அழுக்குக்கு மெலமைன் ஸ்பொஞ்ச் உதவும். சிறு துண்டு வெட்டி, சுழலாமல் நிற்கும் மேடையில் வையுங்கள். நெம்புகோலால் ஊசியை நேராக இறக்கி, நேராகத் தூக்குங்கள். மூன்று நான்கு தடவை போதும். ஸ்பொஞ்சை நகர்த்தவே கூடாது. பழைய பிளேயர்களில் 'எல்.பி.', '78' என்று திருப்பிப்போடும் இரட்டை முனை இருக்கும். இரண்டையும் துடையுங்கள்; '78'க்கான முனை மும்மடங்குக்கும் மேல் பருமன் என்பதால் அதிக அழுக்கைச் சேர்த்து வைத்திருக்கும்.

விரல் மட்டும் வேண்டாம். திருவிழாவில் ஒலிபெருக்கி செட்காரர்கள் விரல் நுனியால் ஊசியை வருட, மலை முழுக்க 'டர்ர்' என்று கேட்கும். செட் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அறிவிப்பு. பிள்ளைகள் அந்தச் சத்தம் கேட்டுத்தான் கோவிலுக்கு ஓடுவார்கள். அந்தப் பழக்கத்தை நானும் நேசிக்கிறேன். ஆனாலும் விரலின் எண்ணெய் முனையில் ஒட்டிக்கொள்ளும். வருடலின் வேகம் தண்டை வளைக்கும். வாயால் ஊதுவதும் கூடாது, எச்சில் ஈரம் தூசியைச் சேறாக்கும்.

ஸ்பிரிட் பற்றி ஓர் எச்சரிக்கை. பார்மசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும். அது முனையில் படலமாய் நிற்கும். தூய ஐசோபுரோபைல் அல்ககோலே என்றாலும் தூரிகை நுனியில் ஈரம் காணும் அளவுதான். கூடினால் தண்டு வழியே ஏறிப் பசையையும் ரப்பரையும் கெடுக்கும். நன்றாக உலர்ந்த பிறகே ஊசியைத் தட்டில் வையுங்கள். 78 தட்டின் மேல் ஒரு துளியும் விழக்கூடாது. அந்தத் தட்டுகளைப் பிணைப்பது அரக்கு. பங்களா தளபாடங்களுக்குப் பூசும் பிரெஞ்சு பாலிஷ், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்ததுதான். தட்டின் மேல் ஸ்பிரிட் ஊற்றினால் பாட்டுக் கரையும்.

பூஞ்சணத்துக்கு இந்த வாரம் இடமில்லை. அது அடுத்த இதழில். அதுவரை மலையக வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பரணில் தாத்தா காலத்துத் தட்டுகள் இருந்தால், கிடைத்த பிளேயரில் உடனே போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் ஊசியைப் பாருங்கள், துடையுங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். புது ஊசியைக் கடையில் வாங்கலாம். கீறிய பள்ளத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.