எலும்பு சொல்லும் ஊர்க்கணக்கு

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் வாரம் பெர்சி என்றோர் ஊர் இருந்தது. ஏறத்தாழ 1500ஆம் ஆண்டளவில் அது ஆளற்றுப் போனது. கூரையில்லாத தேவாலயமும் புல் மூடிய வீட்டுத் தடங்களும்தான் இன்று மிச்சம். 1950 முதல் 1990 வரை அங்கே அகழாய்வு நடந்தது. ஊரார் தின்று போட்ட விலங்கெலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் செம்மறியாட்டின் எலும்புகளே மிகுதி. அந்த ஆடுகளைக் கறிக்காக வளர்த்தார்களா, கம்பளிக்காகவா? பல்லைப் பார்த்தால் தெரியும்.

சந்தையில் வியாபாரி ஆட்டின் வாயைத் திறந்து, இரண்டு பல்லா நான்கு பல்லா என்று பார்த்து விலை பேசுவார். விலங்குத் தொல்லியலாளர் பார்ப்பது கடைவாய்ப் பற்களை. புதிதாக முளைத்த பல் வெள்ளை எனாமலால் மூடப்பட்டு, மேடு மேடாக இருக்கும். புல்லோடு மண்ணும் சேர்ந்து அரைபட அரைபட எனாமல் தேயும். உள்ளிருக்கும் பழுப்புப் பகுதி தீவு தீவாக வெளிப்படும். வயது ஏற ஏற அந்தத் தீவுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்.

இந்தத் தேய்மானத்தைக் கொண்டு மந்தையின் நோக்கத்தையே கணிக்கலாம் என்று 1973இல் செபாஸ்டியன் பெய்ன் என்ற ஆய்வாளர் காட்டினார். கிடாக்குட்டிகள் பிறந்த சில வாரங்களிலேயே வெட்டப்பட்டிருந்தால், பாலுக்கான மந்தை. இரண்டு மூன்று வயதுக்குள் என்றால் கறிக்கு. காயடித்த கிடாய்கள்கூடப் பல ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் கம்பளிக்கு.

மாட்டெலும்பு உழைப்பைச் சொல்லும். ஆண்டுக்கணக்கில் ஏர் இழுத்த எருதின் குளம்புக்கு மேலுள்ள எலும்பு, மூட்டருகே அகன்று, ஓரங்களில் கூடுதல் எலும்பு வளர்ந்திருக்கும். ருமேனியாவின் உழவெருதுகளை ஆராய்ந்து லாஸ்லோ பார்தோஷெவிச்சும் குழுவினரும் இதை 1997இல் விரிவாக விளக்கினார்கள்.

யார் பெரியவர் என்பதைச் சொல்வது மானெலும்பு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, காடும் மானும் அரசனுக்கும் பிரபுக்களுக்கும் உரியவையாயின. வேட்டையாடிய மானைப் பங்கு போடுவதற்கும் முறை இருந்தது. நவோமி சைக்ஸின் ஆய்வுகளின்படி, பிரபுக்களின் கோட்டைகளில் பின்னங்கால் எலும்புகள் மிகுதி. சப்பை எனப்படும் முன்னங்கால் பகுதி வனக்காவலர்களின் இருப்பிடங்களில் கூடுதலாகக் கிடைக்கிறது. நல்ல தொடைக்கறி எசமானுக்கு, சப்பை ஊழியருக்கு. உழவர் வீடுகளில் மானெலும்பே அரிது. அரிதாகக் கிடைப்பது, சட்டத்தை மீறிக் காட்டுக்குள் போனவர்களின் பசியையோ துணிச்சலையோ காட்டலாம்.

வரிக்கணக்கும் நிலப்பத்திரமும் பெரும்பாலும் உடைமையாளர் எழுதிவைத்தவை. உழுதவரும் மேய்த்தவரும் எதையும் எழுதவில்லை. அவர்கள் எதை வளர்த்தார்கள், எதை உண்டார்கள், எது அவர்களுக்கு மறுக்கப்பட்டது என்பதற்கு எலும்புதான் சாட்சி. ஆகவே அகழாய்வில் பொன்னுக்கும் காசுக்கும் காட்டும் அக்கறையை இந்தத் துண்டெலும்புகளுக்கும் காட்ட வேண்டும். மண்ணைச் சலித்து, ஒரு பல்லைக்கூட விடாமல் எடுத்து வைத்தால்தான் எளியவர்களின் வரலாறு முழுமையாகக் கைக்கு வரும்.