லண்டனில் முள்ளைத் திருப்பினால் கோம்பைப் பையனுக்கு ஒரு மணி நேரம் 'அபேஸ்'!

கோம்பை–

கோம்பை என்றதும் வேட்டை நாய்தான் ஞாபகத்துக்கு வரும். மலை அடிவாரத்து ஊர். இங்கே யாரும் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தைத் திருப்புவது கிடையாது. இந்தியாவிலேயே அந்த வழக்கம் இல்லை. அப்படியிருக்க, அந்தச் சமாச்சாரம் இந்த ஊர்ப் பையனின் சம்பளச் சீட்டில் எப்படிக் கை வைக்கிறது?

கேளுங்கள்.

உத்தமபாளையம், தேவாரம், கோம்பைப் பக்கத்துப் பிள்ளைகள் படிப்பை முடித்ததும் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். சிலருக்குக் கிடைப்பது ராத்திரி உத்தியோகம். அமெரிக்காக்காரனுக்கும் லண்டன்காரனுக்கும் டெலிபோனில் பதில் சொல்கிற வேலை, கணக்கு எழுதுகிற வேலை. உட்கார்ந்திருப்பது சென்னையில். ஓடுவது அந்த ஊர்க் கடிகாரத்தில்!

அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறன்று முள்ளை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுக்கிறார்கள். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. கோடையில் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க இந்த ஏற்பாடாம்.

நியூயார்க்கில் காலை 9 மணிக்கு ஆபீஸ் திறந்தால், கோடையில் நமக்கு மாலை 6.30. நவம்பரில் முள் திரும்பியதும் அதுவே 7.30 ஆகிவிடும். அதுவரை விடியற்காலை 3.30-க்கு வேலை முடிந்த பையனுக்கு இனி 4.30-க்குத்தான் முடியும். சாப்பாடு தள்ளும், தூக்கம் தள்ளும். சம்பளத்தில் காசு கூடாது, குறையாது. வேலை செய்த நேரம் ஒன்றுதானே! இதில் வம்பு இல்லை.

வம்பு எங்கே?

முள் திரும்புகிற அந்த ஒரே ஒரு நாளில்தான்.

24 மணி நேரமும் நடக்கிற ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் நேரப்படி சனி இரவு 9 மணியிலிருந்து ஞாயிறு காலை 5 மணி வரை ஒரு ஷிப்டு. நம்ம ஊரில் அது நள்ளிரவு தாண்டி 1.30-க்கு ஆரம்பம். வழக்கமாகக் காலை 9.30-க்குக் கிளம்பிவிடலாம். ஆனால் அக்டோபர் கடைசி ஞாயிறன்று, நமக்குக் காலை 6.30 ஆகும்போது லண்டனில் 2 மணியை 1 மணி ஆக்கிவிடுகிறார்கள். அடுத்த ஷிப்டு ஆள் லண்டன் கணக்கில் சரியாகத்தான் வருவான். நம்ம கணக்கில் 10.30! அதுவரை இந்தப் பையன் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது.

உழைத்தது 9 மணி நேரம். வருகைப் பதிவு லண்டன் நேரத்தில் ஓடினால் சீட்டில் என்ன விழும்? வந்தது 9, போனது 5. ஆக மொத்தம் 8! இரவெல்லாம் கண் விழித்த ஒரு மணி நேரம் காற்றோடு போச்சு.

கடைக்காரர்களுக்குத் தெரிந்த சட்டம்தான். 1947-ல் வந்த கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. மிஞ்சினால் இரட்டைச் சம்பளம் என்றது. முள் எங்கே நின்றது என்று சட்டம் கேட்கவில்லை. ஆள் எவ்வளவு நேரம் உழைத்தான் என்றுதான் கேட்டது. அமெரிக்காவிலும் அதே நியாயம்தான். அங்கே அந்த ராத்திரி 11 முதல் 7 வரை நிற்கிற தொழிலாளிக்கு 9 மணி நேரக் கூலி கொடுத்தே ஆக வேண்டும்.

பையன்கள் அந்த வாரத்துச் சீட்டை ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது நல்லது. சென்னை நேரத்தில் எத்தனை மணிக்கு உள்ளே போனோம், எத்தனைக்கு வெளியே வந்தோம் என்று தனியாகக் குறித்து வைத்தால் மேனேஜரிடம் பேச வாய் இருக்கும்.

பம்பாயில் கல்வீச்சு

நம்ம நாட்டிலும் முள்ளைத் திருப்பிய கதை உண்டு. 1906 ஜனவரி 1-ல் இந்தியாவுக்கெல்லாம் ஒரே நேரம் என்று வெள்ளைக்காரன் கொண்டுவந்தான். பம்பாய்க்கு அது 39 நிமிடம் முன்னால் ஓடியது. அந்த மாதமே மில் தொழிலாளர்கள் வேலைக்குப் போக மறுத்து, மில் மீது கல் எறிந்தார்கள். தூக்கத்தில் 39 நிமிடம் போனால் யாருக்குத்தான் கோபம் வராது?

சண்டைக் காலத்தில் இன்னொரு தடவை. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை நாடு முழுக்கக் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடியது.

இலங்கைக்காரர்கள் இன்னும் அதிகம் பட்டவர்கள். 1996-ல் அணைகளில் தண்ணீர் இல்லை, கரண்டு இல்லை. மே மாதம் முள்ளை ஒரு மணி தள்ளினார்கள். அக்டோபரில் அரை மணி இழுத்தார்கள். பிறகு பத்து வருஷம் கழித்து, 2006 ஏப்ரல் 15 பிறந்ததும் இரவு 12.30-ஐ மறுபடி 12 ஆக்கினார்கள். சித்திரைப் புத்தாண்டு நேரம்! அன்றைக்கு ராத்திரி டூட்டியில் இருந்தவர்களுக்கு அரை மணி கூடுதல்.

மார்ச்சில் கதை தலைகீழ். அதே லண்டன் ஷிப்டு நம்ம காலை 9.30-க்கே முடிந்துவிடும். வேலை 7 மணி நேரம், சீட்டில் 8. அக்டோபரில் விட்டதை மார்ச்சில் ஈடு கட்டிவிட்டோம் என்று முதலாளி சொல்லலாம். அக்டோபரில் கண் விழித்தவனும் மார்ச்சில் சீக்கிரம் வீட்டுக்குப் போனவனும் ஒரே ஆளாக இருந்தால் சரி!