படகு மோட்டாரின் பெட்ரோல் பம்பும் அதன் மின்கம்பியும்



நீலாய்க்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நம்மைச் சுற்றியிருப்பது செம்பனையும், மிச்சமிருக்கும் பால் மரமும், தோட்டம் இருந்த இடத்தில் எழும்பிய வீடமைப்புப் பகுதிகளுந்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னே நம் லயங்களின் வாசலில் நின்று பாருங்கள். தூண்டிற் கம்பும் ஐஸ் பெட்டியுமாக எத்தனை பேர் போர்ட்டிக்சனுக்குப் புறப்படுகிறார்கள்! ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். லுக்குட், பாசிர் பாஞ்சாங், கோலலிங்கி என்று ஆளுக்கொரு துறை. கூட்டாகப் பணம் போட்டுப் பழைய படகும் மோட்டாரும் வாங்கி வைத்திருக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். அவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு.

மலாய்க்காரர்கள் 'எஞ்சின் சங்குட்' என்று அழைக்கும் இந்த மோட்டாரைப் படகின் பின்பலகையில் மாட்டிவிட்டால் போதும். அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ஆம் ஆண்டில் இத்தகைய மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு இதன் பெட்ரோல் பம்புக்கு மின்சாரமே தேவைப்படவில்லை. எஞ்சினுக்குள் ஏறி இறங்கும் காற்றழுத்தமே ஒரு மெல்லிய ரப்பர்த் தகட்டை ஆட்டி, பெட்ரோலை இழுத்துக் கார்புரேட்டருக்கு அனுப்பும். இன்றும் 15 குதிரைத் திறன் கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் பலவற்றில் இந்த அமைப்பே இருக்கிறது. உங்களுடையது அந்த வகையானால், பம்பில் மின்சாரக் கோளாறு வர வழியே இல்லை. ரப்பர்த் தகடு கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

கார்புரேட்டர் இல்லாத, பெட்ரோலை ஊசித் துளை வழியே பீய்ச்சும் நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரின் கதை வேறு. அங்கே எஞ்சினின் பக்கத்தில் ஒரு சிறு தொட்டி இருக்கும். அதற்குள்ளேயோ அதை ஒட்டியோ மின்சாரப் பம்பு ஒன்று உட்கார்ந்திருக்கும். அது உயர்ந்த அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளினால்தான் எஞ்சின் உயிர்பெறும். சாவியைத் திருப்பியதும் சில விநாடிகள் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு அடங்குகிறதே, அது இந்தப் பம்பின் குரல்தான். பெட்ரோலைப் பீய்ச்சும் புதிய கப்சாய் மோட்டார் சைக்கிள்களிலும் சாவியைத் திருப்பினால் இதே முனகல் கேட்கும். கடலுக்குப் போகாதவர்களும் இந்தப் பேச்சைக் கேட்பதில் பயன் உண்டு.

சென்ற ஆண்டு எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். நான்கு குடும்பங்களாகச் சேர்ந்து 40 குதிரைத் திறன் கொண்ட பழைய மோட்டார் ஒன்றை வாங்கியிருந்தோம். தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மோட்டார் இருமியது, நின்றது. படகில் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையில் 'சுமத்ரா' என்று சொல்லப்படும் சுழற்காற்று மழை, பெரும்பாலும் விடியலை ஒட்டி, திடீரென்று வரும். நல்லவேளையாக மலாய் மீனவர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தார். எவ்வளவு வற்புறுத்தியும் அவர் ஒரு காசு வாங்கவில்லை.

பட்டறை ஒன்றில் காட்டினோம். பம்பு செத்துவிட்டது என்று கூறி மாற்றினார்கள். நூற்றுக்கணக்கான வெள்ளி செலவு. நாலு வீட்டுச் சம்பளத்திலும் கை வைக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் கடலுக்குப் போனால், அதே இருமல்! இந்த முறை கரையை விட்டு அதிகம் போகாததால் துடுப்பு போட்டுத் திரும்பிவிட்டோம். புதுப் பம்பும் செத்துவிட்டதா? அப்போதுதான் எங்களுக்குச் சந்தேகம் பிறந்தது. செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவரை வீட்டுக்கு அழைத்தோம்.

அவர் வந்து செய்ததை, செய்த வரிசையிலேயே சொல்கிறோம். அந்த வரிசையில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் மோட்டாரின் மூடியைக் கழற்றி, அரைமணி நேரம் காற்றாட விட்டார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் படகின் அடிப்பலகையில் தேங்கி நிற்கும். அங்கே ஒரு தீப்பொறி போதும். ஆகவே சிகரெட் கூடாது. பேட்டரிக் கம்பியை உரசிப் பொறி பார்க்கும் கெட்ட பழக்கமும் கூடாது. கம்பிகளைக் கழற்ற வேண்டுமானால் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் விடுவிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றவே கூடாது. கணினிப் பெட்டி கெட்டுப் போகும்.

அடுத்து மின்சாரமே அல்லாத காரணங்களைப் பார்த்தார். தனித் தொட்டியின் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? மூடியிருந்தால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வராது. குழாயில் உள்ள ரப்பர் பந்தை அமுக்கினால் அது கெட்டியாகிறதா? சப்பையாக ஒட்டிக்கொண்டால் தொட்டிப் பக்கம் அடைப்பு. எவ்வளவு அமுக்கியும் மெத்தென்றே இருந்தால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது தொட்டியே காலி. வடிகட்டிக் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கிறதா? பாதுகாப்புக் கயிற்றின் கொக்கி அதற்குரிய பொத்தானில் சரியாக மாட்டியிருக்கிறதா? கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறோம்: அந்தக் கொக்கி கழன்றிருப்பதைக் கவனிக்காமல் ஒருமுறை ஒரு மணி நேரம் வியர்த்திருக்கிறோம்.

இவையெல்லாம் சரியாக இருந்தன. பேட்டரியை அளந்தார், 12.5 வோல்ட் காட்டியது. நன்றாக ஏறிய பேட்டரி ஏறக்குறைய 12.6 காட்டும், 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். பியூஸைக் கையில் எடுத்துக் கண்ணால் மட்டும் பார்க்கவில்லை. மீட்டரால் இரு முனைகளையும் தொட்டுப் பார்த்தார். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாதாம். ரிலேயின்மேல் விரலை வைத்துக்கொண்டு எங்களைச் சாவியைத் திருப்பச் சொன்னார். 'டிக்' என்று துடித்தது. ஆனால் அவர் அதோடு திருப்தி அடையவில்லை. துடித்தால் உள்ளே சுருள் வேலை செய்கிறது என்று மட்டுமே பொருள், மின்சாரம் கடக்கும் முனைகள் கருகியிருக்கலாம் என்றார். பக்கத்தில் அதே மாதிரி ரிலே வேறொன்று இருந்ததால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தார். மாற்றம் இல்லை.

இனிப் பம்பின் பிளக். நாங்கள் ஆர்வத்தோடு அதைக் கழற்றி, மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்பினோம். 12.5 வோல்ட்! "மின்சாரம் முழுசா வருதே, அண்ணே! அப்படியென்றால் பம்புதான்" என்றோம். அவர் சிரித்தார். "வாத்தியாரே, சும்மா கிடக்கும்போது அளக்கிறீங்க. பம்பு ஓடும்போது அளந்து பாருங்க."

இதை விளக்க நம் லயத்துக் குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் உட்பக்கம் முக்கால் பங்கு துருப்பிடித்து அடைத்திருக்கிறது. திருகை மூடி வைத்திருக்கும்போது அழுத்தத்தை அளந்தால் முழு அழுத்தம் காட்டும்; தண்ணீர் ஓடவில்லையே, அடைப்பு எப்படித் தெரியும்? திருகைத் திறந்து குடத்தை வைத்தால்தான் நூல் போல ஒழுகுவது தெரியவரும். மின்கம்பியும் அப்படித்தான். பல இழைகளில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டருக்கு அது போதும். மீட்டர் கேட்பது துளி மின்சாரம். பம்பு கேட்பது பல ஆம்பியர்.

பிளக்கைத் திரும்ப மாட்டி, அதன் பின்புறமாக மெல்லிய குண்டூசியை நுழைத்து அளந்தோம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். பம்பு முனகுவது சில விநாடிகள்தான். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முன்பு 12.5 காட்டிய இடத்தில் இப்போது வெறும் 7.5 வோல்ட்! மிச்சம் 5 வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது. எங்கே?

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைப் பம்பின் பாசிட்டிவிலும் வைத்து, பம்பு ஓடும்போது பார்த்தோம்: 0.2 வோல்ட். அது பரவாயில்லை, அரை வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் போகட்டும் என்று விடலாம். பிறகு பம்பின் நெகட்டிவுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே பார்த்தோம்: 4.8. திருடன் அகப்பட்டான்! பியூஸ், ரிலே, சாவி எல்லாம் இருக்கும் பக்கத்தையே நாம் தேடுகிறோம். மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் வயரை யாரும் கண்டுகொள்வதில்லை. அந்த மாடலில் அது எஞ்சின் உடம்பில் ஒரு திருகாணியால் முடுக்கப்பட்டிருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வளையத்தை இழுத்ததும் கம்பி கையோடு வந்துவிட்டது. உள்ளே செம்பு இழைகள் பச்சையும் கறுப்புமாகப் பொடிந்திருந்தன. உப்பு நீர் உறைக்குள் ஊறி அரித்த வேலை. எஞ்சின் குலுங்கும்போது மிஞ்சிய இழை தொடும், விடும். அதனால்தான் அந்த இருமல்.

வேறு மாடலில் எர்த் பக்கத்தைக் கணினிப் பெட்டியே இணைத்தும் துண்டித்தும் கட்டுப்படுத்தக்கூடும். அங்கே கம்பி சரியாக இருந்தும் பம்பு ஓடாவிட்டால், மோட்டாரின் கையேட்டைப் பார்க்காமல் எதையும் நேராகப் பேட்டரியில் இணைத்துவிடாதீர்கள். பேட்டரியே இல்லாமல், கயிற்றை இழுக்கும்போது பிறக்கும் மின்சாரத்தாலேயே பெட்ரோல் பீய்ச்சும் சிறு மோட்டார்களும் உண்டு. மேலே சொன்ன அளவுகள் அவற்றுக்குப் பொருந்தா.

பியூஸ் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் ஈயத் தாளைச் சுற்றுவதும், அதிக ஆம்பியர் பியூஸைச் செருகுவதும் நம்மவர்களிடம் சாதாரணம். லயத்தில் அது செலவில் முடியலாம். பெட்ரோல் நிறைந்த படகில் அது தீ. அதே அளவுள்ள பியூஸை ஒருமுறை மாற்றுங்கள். மறுபடியும் போனால், பம்பின் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள். இப்போது நிலைத்தால் பம்பு இறுகியிருக்கிறது. மாதக்கணக்கில் கிடந்து பிசினான பெட்ரோலோ, தண்ணீர் புகுந்து பிடித்த துருவோ காரணமாகலாம். பம்பு இல்லாமலே எரிந்தால், வழியில் கம்பியின் தோல் உரிந்து எஞ்சினைத் தொடுகிறது.

குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, அரைமணி கழித்து நின்று, ஆறியபின் மறுபடி ஓடுகிறதா? ரிலேயையும் பம்பையும் சந்தேகியுங்கள். அலையில் குலுங்கும்போது மட்டும் நிற்கிறதா? கம்பி முனைகளைச் சந்தேகியுங்கள். கரையில் எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு கம்பியாக மெதுவாக ஆட்டிப் பாருங்கள். எப்போது நின்றது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனால், பட்டறைக்காரருக்கும் பாதி வேலை மிச்சம்.

கடலில் நின்றுவிட்டால் மூடியைத் திறப்பதற்கு முன் நங்கூரத்தைப் போடுங்கள். எல்லாரும் மிதவைச் சட்டை அணிந்திருக்க வேண்டும், பிள்ளைகள் முதலில். கைப்பேசியில் 999-ஐ அழைத்தால் கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்குத் தகவல் போகும். அந்த நிறுவனம் 2005-ஆம் ஆண்டு முதல் நம் கடற்பகுதியில் பணியாற்றி வருகிறது. பியூஸ் நாலைந்து, ஒரு ரிலே, மின்நாடா, சிறிய மீட்டர் ஆகியவற்றை மூடி போட்ட டப்பாவில் படகிலேயே வைத்திருங்கள்.

எங்கள் எர்த் வயரை, செம்புப் பளபளப்புத் தெரியும் இடம்வரை வெட்டினோம். ஈயம் பூசிய புது வயரை இணைத்து, உட்புறம் பசையுள்ள சுருங்கு குழாயைப் போட்டுச் சூடு காட்டி மூடினோம். மறுபடி அளந்தால் 4.8 இருந்த இடத்தில் 0.1. பம்பின் முனகல் உரக்க ஒலித்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வந்த பழைய பம்பையும் கழுவி மாட்டிப் பார்த்தோம். அதுவும் ஓடியது. இப்போது அது எங்கள் பள்ளியின் அறிவியல் அலமாரியில் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பேட்டரியும் மீட்டரும் வைத்துக்கொண்டு, நல்ல கம்பி எது, அரித்த கம்பி எது என்று அதைக்கொண்டே கண்டுபிடிக்கிறார்கள்.