அவசரமில்லாத ரொட்டி

‘உல்லாசப் பயணம்’ என்னும் சொற்றொடர் நம் நாட்டில் பெரிதும் பழகிப்போன ஒன்று. விடுமுறை வந்துவிட்டால் கொழும்பிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் மக்கள் மலைநாட்டை நோக்கிப் புறப்படுகிறார்கள். நுவரெலியாவின் குளிரையும், தேயிலைச் சரிவுகளின் பசுமையையும், டெவன் நீர்வீழ்ச்சியின் வெண்மையையும் கண்டு களித்துத் திரும்புகிறார்கள். நன்று. ஆனால் அந்தப் பசுமையை விரல் நோகக் கிள்ளிக் கிள்ளி வளர்த்தவர்கள் உல்லாசத்துக்கு எங்கே போகிறார்கள்? பிறருக்குக் காட்சியாக இருக்கும் மலை அவர்களுக்கு வேலைத்தலம். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க அவர்களுக்கு என்றைக்கு நேரம் வாய்த்தது?

மலையகத் தமிழனுக்குப் பயணம் புதிதன்று. அவனுடைய வரலாறே ஒரு பயணத்தில்தான் தொடங்குகிறது. கடல் கடந்து வந்து காட்டுவழியே மலையேறிய முன்னோரின் வருகைக்கு 2023இல் 200 ஆண்டுகள் நிறைந்தன. அவர்களை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்த ஆண்டில் மக்கள் நடந்தார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மற்றொரு பயணத்தை விதித்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் இரு நாடுகளும் எண்ணிக்கை பேசின. அதன் விளைவாகப் புகைவண்டி நிலையங்களில் அழுது பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. ஆகவே, எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பயணம் என்றால் ஒன்று பிழைப்பு, அல்லது பிரிவு. எஞ்சியவை சாவு வீடு, ஆஸ்பத்திரி, திருவிழா. சிவனொளிபாத மலைக்கு ஏறுவதும் நேர்த்திக்கடனே. வெறுமனே ஓரிடம் போய், உட்கார்ந்து, உண்டு, வீடு திரும்புவதற்கு அவர்களுடைய வாழ்க்கையில் இடமே இருந்ததில்லை.

நம் மரபிலே இது இல்லாமற் போகவில்லை. காவிரிக்கரை மாவட்டங்களில் ஆடிப் பதினெட்டாம் நாள் புளிச்சோறும் எலுமிச்சைச்சோறும் தேங்காய்ச்சோறும் கட்டிக்கொண்டு, கிழவர் முதல் குழந்தை வரை ஆற்றங்கரைக்குச் சென்று கூடி உண்பார்கள். திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மலையேறி வந்தவர்கள் தெய்வங்களைக் கொண்டுவந்தார்கள். காமன் கூத்தைக் கொண்டுவந்தார்கள். ஆனால் ஆற்றங்கரையில் அமர்ந்து உண்ணும் அந்த ஒரு பகற்பொழுதை மட்டும் தோட்டத்து நாட்குறிப்பு அவர்களுக்கு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் எழுத்தாளர் ஸி. வி. வேலுப்பிள்ளை 1970இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலொன்றின் தலைப்பு, ‘உழைப்பதற்கென்றே பிறந்தவர்கள்’ என்று பொருள்படும். அந்தத் தலைப்பை எண்ணும்போதெல்லாம், உழைத்து முடித்த பின்னர் அவர்கள் யாராக இருக்கிறார்கள் என்ற ஐயம் எனக்கு எழுவதுண்டு.

அந்த ஐயத்துக்கு ஒரு சிறு விடை கிடைத்தது பொல்பிட்டியவில். 38 ஆண்டுகள் கொழுந்து பறித்த என் தாயாரையும், அவருக்கு இளையவரான என் அத்தையையும் அழைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அங்கே போயிருந்தோம். வழியில் உணவுக்கு ஏற்பாடு செய்யலாம் என்று நான் சொன்னபோது அம்மா மறுத்துவிட்டார். “ஏப்பா, கடையில எதுக்குக் காசக் கொட்டணும்? நாலு ரொட்டி தட்டி எடுத்துக்குவோம்” என்றார். விடியுமுன் அடுப்பு மூட்டப்பட்டது. கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு, அரிந்த பச்சை மிளகாய். செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் வைத்து அம்மியில் அரைத்த சம்பல். ஒரு போத்தல் நிறைய வெறுந்தேநீர். எங்கள் விருந்து இவ்வளவே.

ஹட்டன் பக்கத்திலிருந்து இறங்க இறங்கக் குளிர் விலகுகிறது. தேயிலை குறைந்து கித்துலும் பாக்கும் பலாவும் தலைகாட்டுகின்றன, பிறகு தென்னை. ‘பொல்’ என்றால் சிங்களத்தில் தேங்காய். ‘பிட்டிய’ என்றால் திடல். காய் குலுங்கும் தென்னை ஒன்றை அம்மா நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கே விளங்கும். எங்கள் உயரத்தில் தென்னை காய்ப்பதில்லை. ரொட்டிக்கும் சம்பலுக்கும் வேண்டிய தேங்காய் கீழ்நாட்டிலிருந்து விலையேறி வந்து சேரும். ஒரு மூடியை இன்றைக்கு, மறுமூடியை நாளைக்கு என்று எண்ணிச் செலவழித்த கைகள் அவருடையவை.

ரொட்டியும் எங்கள் பழம்பெரும் உணவன்று. முன்னோர் அரிசிச் சோற்றை நம்பியே வந்தவர்கள். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டில் கோதுமை மா இடம்பெற்றது. போர்க்காலப் பஞ்சத்துக்குத் துணையாக வந்த மா, பஞ்சம் தீர்ந்த பின்னும் லயத்து அடுப்பை விட்டு அகலவில்லை. காரணம் எளிது. சோறு வடிக்கவும் கறி ஆக்கவும் நேரம் வேண்டும். ரொட்டியோ பிசைந்து தட்டினால் ஆயிற்று. ஒன்றைத் தின்றுகொண்டே பெரட்டுக்கு ஓடலாம், மற்றொன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மலையேறலாம். ஆகவே ரொட்டி என்பது வறுமையின் உணவு மட்டுமன்று, அவசரத்தின் உணவு. எழுபதுகளின் முற்பகுதியில் அந்த மாவுக்கும் தட்டுப்பாடு வந்து, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்ததை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்நாளைய பேச்சை எடுத்தால், என் தாயார் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஆற்றோரத்தில் ஒரு பாறை நிழலில் அமர்ந்தோம். இலையை விரித்ததும் அம்மா பழக்கத்தின்படி ரொட்டியை நான்காக மடித்து, விரைவாக இரண்டு வாய் உண்டு, கையைத் துடைத்துக்கொள்ளப் போனார். அத்தை சிரித்துவிட்டார். “அண்ணி, மெதுவாத் தின்னுங்க. பெரட்டுக்குத் தப்பா அடிக்கிறாங்க?” என்றார். எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார், சிரித்துவிட்டு, மடித்த ரொட்டியை மறுபடியும் விரித்தார். ஒரு துண்டு பிய்த்து, சம்பலைத் தொட்டு, ஆற்றைப் பார்த்தபடியே மென்றார். ஒரு ரொட்டியை அவர் அரைமணி நேரம் உண்டதை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன். ஆயிரம் முறை உண்ட அதே மா, அதே உப்பு. ஆயினும், “இன்னிக்கு ருசியா இருக்குப்பா” என்றார். ருசி கூடியது சமையலால் அன்று, பொழுதால்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஆறும் ஓர் உழைப்பாளிதான். பொறியியலாளர் விமலசுரேந்திர கனவுகண்ட லக்சபான நீர்மின் திட்டம் 1950இல் முதன்முதலாக ஒளி தந்தது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் அணைகளில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கங்களில் புகுந்து, ஒன்றன்பின் ஒன்றாக மின்னிலையங்களின் உருளைகளைச் சுழற்றிவிட்டே கீழிறங்குகின்றன. பொல்பிட்டியவின் சமனல மின்னிலையம் 1969இல், 75 மெகாவாற்று ஆற்றலோடு இயங்கத் தொடங்கியது. நெடுங்காலம் அந்த வரிசையில் அதுவே கடைசி. அதைக் கடந்தால் நீருக்கு வேலை இல்லை; இரு ஆறுகளும் கலந்து களனி கங்கையாகி, 1957இல் வெளிவந்த குவாய் ஆற்றுப் பாலத் திரைப்படம் எடுக்கப்பட்ட கித்துல்கல வழியே கடலை நோக்கிப் போகும். அண்மைக் காலத்தில் அதற்கும் கீழே புரோட்லண்ட்ஸ் திட்டம் எழுந்து, உழைத்துக் களைத்து வந்த நீரிடம் மேலும் 35 மெகாவாற்று கேட்கிறது. அந்த மின்சாரம் கொழும்பின் வீதிகளை ஒளிரச் செய்த காலத்தில், அணைக்கு அண்டையிலிருந்த லயங்கள் பல மண்ணெண்ணெய் விளக்கில் கிடந்தன என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

இதை எழுதும்போது எங்கள் முதிய பெண்களையே நினைக்கிறேன். ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பெற்றுக்கொள்ளலாம். 1958ஆம் ஆண்டுச் சட்டம் தந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் பணம் கைக்கு வந்த மாத்திரத்தில் ஓய்வு வந்துவிடுவதில்லை. மகள் மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போனால், பேரப்பிள்ளைகளைப் பாட்டி வளர்க்க வேண்டும். கைச்செலவுக்கு வேண்டுமென்றால் மீண்டும் நாட்கூலிக்குக் கொழுந்துக்கூடையை எடுக்க வேண்டும். கடைசி மின்னிலையத்துக்குக் கீழே இன்னொரு மின்னிலையம்! அவர்களுக்கு ஓய்வூதியமும் நல்ல வைத்தியமும் வேண்டும் என்று பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அவற்றோடு, எவருக்கும் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பகலும் அவர்களுக்கு உரிய பங்கே என்பதை நாம் சொல்வதில்லை. பிள்ளைகளாகிய நாமே அதைச் சொல்லாவிட்டால், வேறு யார் சொல்வார்கள்?

இப்பக்கத்தைப் படிப்போரில் ஆசிரியர்களும் மாணவர்களும் பலர். கூடையின் கயிறு அழுத்திய தலைகளால் கல்வி பெற்றவர்கள் நம்மிலும் பலர். அத்தகைய பெற்றோரை மகிழ்விக்க நாம் நினைக்கும்போது, பெரிய உணவகமும் நெடும்பயணமும் நம் மனத்தில் வருகின்றன. அங்கே அவர்கள் விலைப்பட்டியலைக் கண்டு அஞ்சி, பரிமாறுபவரைக் கண்டு கூசி, பாதி உண்டு எழுந்துவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது புதிய உணவன்று. பழகிய உணவை உண்ணப் புதிதாக ஒரு நேரம். நடக்கக்கூடிய தூரத்தில் ஓர் ஓடையும், வீட்டில் தட்டிய நான்கு ரொட்டியும், கைக்கடிகாரத்தைப் பாராத ஒரு மகனோ மகளோ இருந்தாற் போதும். அவர்கள் மெதுவாக மெல்லட்டும். இரண்டாவது ரொட்டியை அவர்களே கேட்கும் வரை நாம் பொறுத்திருப்போம்.